மூன்று நாள் மேடையும் முந்நூறு நாள் கடிதமும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடிதத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முதிரப்புழையும் நல்லதண்ணியும் குண்டளையும் கூடுகின்ற அந்த மலைச்சாரலுக்குத் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிமார் அழைத்துவர வந்து, லயங்களில் குடிபுகுந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தொலைபேசி கைக்கு எட்டாதிருந்த நெடுங்காலம், மலைக்குக் கீழே விட்டுவந்த வீட்டிற்கும் அவர்களுக்கும் இடையே இருந்த பாலம் தபால்காரர் கொணர்ந்த கடிதமே. மணியார்டர் தாளின் அடியில் எழுதப்பட்ட இரண்டு வரிகளுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த தாய்மார் எத்தனை பேர்! எழுத்தறியாமையால், எழுதத் தெரிந்த அண்டை வீட்டாரிடம் சொல்லி எழுதுவித்தவர்கள் எத்தனை பேர்!

அத்தகைய கடிதத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஊரார் முன்னிலையில் சொல்லாதவற்றை நாம் அதில் சொல்லுகிறோம். எல்லாரும் நலம் என்பது ஊருக்குச் சொல்லும் சொல். கடன் எவ்வளவு, யாருக்கு நோய், எவர்மேல் வருத்தம் என்பனவெல்லாம் உறையினுள் வைத்து ஒட்டுகின்ற சொல். தூரத்தால் பிரிந்த குடும்பம் சிதறாமல் நிற்பதற்கு இந்த இரண்டாம் வகைச் சொல்லே பெரிதும் காரணமாகும்.

குடும்பத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு பெரிய அரசியல் ஸ்தாபனத்திற்கும் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சிறந்த சான்று இருக்கிறது. மூணாற்று மலைகளைத் தோட்டம் போடுவதற்காக ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடம் உரிமை பெற்றது 1877-ஆம் ஆண்டு. பின்லே மூர் கம்பெனியார் அங்கே கால் வைத்தது 1895-இல். கண்ணன் தேவன் மலைக் கம்பெனி அமைந்தது 1897-இல். ஏறக்குறைய அதே இருபது ஆண்டுகளில்தான் இந்திய தேசிய காங்கிரஸ் பிறந்து, தட்டுத் தடுமாறி நடை பயின்றது. விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலமாகிய அந்நாளில், அந்த மகாசபையைத் தாங்கி நின்றவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட தனிக் கடிதங்களைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் அக்காலத்து நிலைமையைச் சற்று நோக்குவோம். இங்கிலாந்தில் 1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை அளித்தது. அதுவரை பிரபுக்களின் மாளிகைகளிலும் லண்டன் கிளப்புகளிலும் நடந்துவந்த கட்சி அரசியல், அதன்பின் தொகுதிதோறும் சங்கம், சங்கந்தோறும் காரியதரிசி என்னும் வடிவத்தை மேற்கொண்டது. ஜோசப் சேம்பர்லினின் முயற்சியால் 1877-இல் பர்மிங்ஹாம் நகரில் தேசிய லிபரல் சம்மேளனம் தோன்றியது இம்மாறுதலின் அடையாளம். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும்; பத்திரிகையில் அது வெளியாகும். ஆனால் அந்தத் தீர்மானத்தை யார் முன்மொழிவது, செலவை யார் ஏற்பது, மனத்தாங்கல் கொண்டவரை எவ்வாறு தணிப்பது என்பனவெல்லாம் முன்னதாகவே கடிதங்களில் முடிவாகும். கிளாட்ஸ்டனும் அவருடைய சகாவான கிரான்வில் பிரபுவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிற்காலத்தில் பல தொகுதிகளாக அச்சேறின என்றால், அவற்றின் அளவை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுக் காங்கிரஸின் நிலையோ இன்னும் விசித்திரமானது. 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் அது முதன்முதலாகக் கூடியது. ‘ஹிந்து’ பத்திரிகையை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே அங்கு முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தார். பின்னர் ஆண்டுதோறும் டிசம்பர்க் கடைசியில் ஏதேனும் ஒரு நகரத்தில் கூடுவதும், மூன்று நான்கு நாட்களில் கலைவதும் வழக்கமாயின. அந்த அமைப்புக்கு நிலையான காரியாலயம் இல்லை. உறுப்பினர் பட்டியல் இல்லை. முதல் முதலாக விதிகள் வகுக்கப்பட்டதே 1899-இல் லக்னோ மாநாட்டில்தான். முழுமையான அமைப்புச் சட்டம் ஏற்பட்டது 1908-இல். இது மூன்று நாள் தமாஷா என்று அசுவினி குமார தத்தர் 1897-இல் அமராவதி மாநாட்டில் மனம் நொந்து கூறியதை வரலாறு மறக்கவில்லை.

அப்படியானால், எஞ்சிய முந்நூற்று அறுபது நாட்களும் காங்கிரஸ் எங்கே இருந்தது? அது தபால் பையில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

லண்டனில் தாதாபாய் நௌரோஜி. பம்பாயில் தீன்ஷா எதுல்ஜி வாச்சா. இவ்விருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டாகும். 1825-இல் பிறந்த தாதாபாய், காங்கிரஸுக்கு 1886, 1893, 1906 ஆகிய மூன்று ஆண்டுகளில் தலைமை வகித்தவர். இங்கிலாந்திலே லிபரல் கட்சியின் சார்பில் 1886-இல் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்று, 1892-இல் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் 5 வாக்கு வித்தியாசத்தில் வென்று பார்லிமெண்டில் அமர்ந்தவர். எனவே இங்கிலாந்துக் கட்சி ஸ்தாபனம், இந்திய மகாசபை ஆகிய இரண்டிலும் அவருக்குக் கால் இருந்தது. வாச்சா அவருக்குப் பத்தொன்பது வயது இளையவர்; பஞ்சாலைத் தொழிலில் ஈடுபட்டவர்; புள்ளி விவரங்களில் நிகரற்றவர். பம்பாய் மாகாணச் சங்கத்தின் காரியதரிசியாகவும், 1896 முதல் பல ஆண்டுகள் காங்கிரஸின் இணைப் பொதுக் காரியதரிசியாகவும் உழைத்து, 1901-இல் கல்கத்தா மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

இவ்விருவருக்குமிடையே 1884 முதல் தாதாபாய் மறைந்த 1917 வரை கடிதப் போக்குவரத்து நடந்தது. ஆர். பி. பட்வர்த்தன் பதிப்பித்த அக்கடிதங்கள் 1977-இல் இரு பகுதிகளாக அச்சேறின. இருவருக்கும் தாய்மொழி குஜராத்தியாயினும் அவர்கள் எழுதியது ஆங்கிலத்தில். மெயில் கப்பல் புறப்படும் நாள்தான் வாச்சாவின் வாரத்திற்கு எல்லைக் கல். பம்பாயில் ஏறிய கடிதம் சூயஸ் கால்வாய் வழியாக லண்டன் சேர ஏறக்குறைய இரண்டரை வாரம் ஆகும். பதில் வருவதற்கு இன்னும் இரண்டரை வாரம். ஆக, ஒரு கேள்விக்கு விடை காண ஐந்து வாரம் பொறுத்திருக்க வேண்டும். கடலடித் தந்தி 1870-இலேயே வந்துவிட்டதெனினும், சொல்லுக்குச் சொல் காசு கேட்கும் அந்தத் தந்தியில் மனம்விட்டுப் பேச யாரால் இயலும்?

இந்தத் தாமதத்திலும் ஒரு நன்மை இருந்தது. ஐந்து வாரம் கழித்துப் படிக்கப்படும் என்றறிந்து எழுதுபவர், அன்றைய கோபத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதில்லை. நிலைமை முழுவதையும் விரித்துரைக்க வேண்டியவராகிறார். பார்லிமெண்டில் கேள்வி கேட்கவும் மேடையில் வாதாடவும் தாதாபாய்க்கு வேண்டிய செய்திகள் இந்தக் கடிதங்களின் வழியே சென்றன. இராணுவச் செலவு, உப்பு வரி, வெள்ளி நாணயத்தின் வீழ்ச்சி, பஞ்சாலைத் துணிமீது விதித்த தீர்வை, 1896-இல் பம்பாயைப் பிடித்த பிளேக் நோய் ஆகிய பொருள்களைப் பற்றி அங்கிருந்து ஆளும் வர்க்கம் ஒன்று சொல்லும்போது, இங்கிருந்து உண்மை நிலையை எழுத ஒரு நண்பர் வேண்டியிருந்தது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரே காலத்தில் சிவில் சர்வீஸ் பரீட்சை நடத்த வேண்டும் என்னும் தீர்மானம் 1893 ஜூன் 2-ஆம் தேதி காமன்ஸ் சபையில் 84-க்கு 76 என்ற வாக்குகளில் நிறைவேறியது. சர்க்கார் அதனைச் செயற்படுத்தவில்லை என்பது வேறு கதை. சபையில் விழுந்த அந்த எண்பத்து நான்கு வாக்குகளுக்குப் பின்னே எத்தனை கடிதங்கள் கடல் கடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும், இக்கடிதங்களை நாம் இன்று மதிப்பது அவற்றிலுள்ள புள்ளி விவரங்களுக்காக மட்டுமன்று. அவற்றிலுள்ள ஒளிவுமறைவின்மைக்காகவும் மதிக்கிறோம். மேடையில் காங்கிரஸ் ஒருமுகமாகக் காட்சியளித்தது. தீர்மானங்கள் கரகோஷத்துடன் நிறைவேறின. கடிதத்திலோ வாச்சா சலித்துக்கொள்கிறார். சகாக்களின் மந்தத்தைக் குறை கூறுகிறார். வாக்களித்த பணம் வந்து சேரவில்லையே என்று கவலைப்படுகிறார். 1889-இல் லண்டனில் காங்கிரஸின் பிரிட்டிஷ் கமிட்டி ஏற்பட்டது. வில்லியம் வெட்டர்பர்ன் அதன் தலைவர். 1890 முதல் ‘இந்தியா’ என்ற பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. இவற்றுக்கு வேண்டிய பணத்தை இந்தியாவிலிருந்து திரட்டி அனுப்புவது ஓயாத தலைவலியாக இருந்தது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது நம் தமிழகத்தின் பங்கையும் குறிப்பிட வேண்டும். 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸுக்கு, ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரை 8,000 எளிய மக்கள் கொடுத்த தொகையே 5,500 ரூபாய் ஆயிற்று. எம். வீரராகவாசாரியார் காங்கிரஸைப் பற்றித் தமிழில் எழுதிய வினாவிடைச் சிறுநூல் 30,000 பிரதிகள் பரவியது. இவை பகிரங்கமான வெற்றிகள். மாநாட்டு அறிக்கையில் பெருமையுடன் இடம் பெற்றவை. ஆனால் பந்தலைப் பிரித்த பின்னர், அதே உற்சாகத்தை அடுத்த டிசம்பர் வரை காப்பாற்றுவது எப்படி என்னும் கேள்வி அறிக்கையில் இடம்பெறவில்லை. அதற்குரிய இடம் கடிதம்.

இங்கே ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். அரசாங்கக் கோப்புகளைத் தமிழாக்குவதே தொழிலாக உடைய நமக்கு, காரியாலய எழுத்தின் இயல்பு நன்கு பழக்கமானது. ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று அது நடக்கும். முடிவு செய்தவர் யார், தயங்கியவர் யார் என்பது அதில் தெரியாது. தெரியக்கூடாது என்பதே அதன் இலக்கணம். தனிக் கடிதத்திலோ ‘நான்’ என்று ஒருவர் நிற்கிறார். தம் ஐயத்தையும் அச்சத்தையும் தம்முடையவை என்று ஒப்புக்கொள்கிறார். கோப்பைப் படிப்பவர் விளைவை அறிவார். கடிதத்தைப் படிப்பவர் அந்த விளைவுக்கு மனிதர் கொடுத்த விலையை அறிவார்.

இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதில் ஆபத்தும் உண்டு. அதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

முதலாவது, ஆலன் ஆக்டேவியன் ஹியூமைப் பற்றியது. காங்கிரஸின் பொதுக் காரியதரிசியாகிய அவர் 1892 பிப்ரவரியில் காங்கிரஸ் அன்பர்களுக்கு மந்தணமாக ஒரு சுற்றுக் கடிதம் விடுத்தார். வறுமையில் வாடும் மக்களின் துயர் தீர்க்கப்படாவிட்டால் நாட்டில் பயங்கரமான கலவரம் மூளும் என்பது அதன் சாரம். நண்பர்களைத் தட்டியெழுப்ப எழுதிய அந்தக் கடிதம் வெளியே கசிந்துவிட்டது. எதிரிகள் அதைக் காட்டி, இதுவோ உங்கள் இராஜ விசுவாசம் என்று கேட்டனர். லண்டனிலிருந்த சகாக்கள் அக்கடிதத்தில் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. நண்பருக்குள் சொன்ன எச்சரிக்கை ஊர் நடுவே போகும்போது எவ்வாறு உருமாறிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் உருக்கமானது. இந்தியாவின் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் கூற 1897-இல் வாச்சா, சுரேந்திரநாத பானர்ஜி, நம் சுப்பிரமணிய ஐயர், கோபால கிருஷ்ண கோகலே ஆகியோர் லண்டன் சென்றனர். கோகலேக்கு அப்போது வயது 31. பூனாவில் பிளேக் தடுப்பின் பெயரால் சிப்பாய்கள் வீடு புகுந்து செய்த கொடுமைகளைப் பற்றி அங்குள்ள நண்பர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர் என்ற செய்தியும் அவற்றில் இருந்தது. நண்பர் சொல்லை நம்பிய கோகலே, அதை இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட்டார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. ஆதாரம் எங்கே என்று சர்க்கார் கேட்டது.

நாடு திரும்பிய கோகலே அந்நண்பர்களை அணுகினார். பூனாவில் அதிகாரி ராண்டு சுடப்பட்டு, அடக்குமுறை ஓங்கியிருந்த வேளை அது. முன்வந்து சாட்சி சொல்ல எவரும் துணியவில்லை. தம் பெயர் வெளிப்படவும் அவர்கள் விரும்பவில்லை. கோகலேயின் முன் இரண்டு வழிகள் இருந்தன. கடிதங்களை வெளியிட்டு, எழுதியவர்களைக் காட்டிக்கொடுத்துத் தாம் தப்பலாம். அல்லது பழி முழுவதையும் தாமே ஏற்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டு அறிக்கை விடுத்தார். கோழை என்றனர் சிலர். அவசரக்காரர் என்றனர் சிலர். ஆயினும் கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர் சொல்லவில்லை. 1905-இல் காசி மாநாட்டில் காங்கிரஸின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவரும் அதே கோகலேதான். அன்று அவர் செய்தது சரியா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். நண்பர் கூற்றைச் சோதித்துப் பாராமல் வெளியிட்டது அவர் தவறுதான். ஆனால் தம்மை நம்பி எழுதியவரைக் காப்பது தம் பொறுப்பு என்ற அவருடைய நெறியை மறுப்பார் யார்?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1898-ஆம் ஆண்டு இந்தியத் தபால் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பொது அமைதியை முன்னிட்டுக் கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்தது. சுதந்திரம் வந்த பின்னும் நீடித்த அச்சட்டம், புதிய அஞ்சல் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024-ஆம் ஆண்டில்தான் விலகியது. புதிய சட்டத்திலும் இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது. அதே 1898-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் தினத்தன்று பேரரசின் பல பகுதிகளுக்கு ஒரு பென்னித் தபால் ஏற்பட்டு, கடல் கடந்த கடிதமும் மலிவாயிற்று. ஒரே ஆண்டில் கடிதம் எழுதுவது எளிதாயிற்று. அதைப் பிரித்துப் பார்ப்பதும் சட்டப்படி எளிதாயிற்று.

வெளிநாடு சென்ற தமிழருக்கும் இக்கடித வரலாற்றில் இடமுண்டு. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குத் தமிழர் சென்றனர். 1894-இல் அங்கே நேட்டால் இந்தியக் காங்கிரஸை அமைத்து, அதன் காரியதரிசியானார் இளம் பாரிஸ்டர் காந்தி. முதலாளியிடம் அடிபட்டு, பல்லுடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு அவரிடம் வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத தொழிலாளர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கும் சட்டம் 1895-இல் அங்கே பிறந்தது. தம் அனுபவக் குறைவை உணர்ந்த காந்தி, 1894 முதல் லண்டனிலிருந்த முதியவர் தாதாபாய்க்குக் கடிதம் எழுதி வழிகாட்டுமாறு வேண்டினார். தாதாபாய் அந்த முறையீடுகளைக் குடியேற்ற நாட்டு இலாகாவுக்கு எடுத்துச் சென்றார். 1895 முதல் அந்த இலாகாவின் அமைச்சர் வேறு யாருமல்லர். முன்னர் பர்மிங்ஹாமில் லிபரல் சம்மேளனத்தை உருவாக்கி, பிறகு அக்கட்சியை விட்டு விலகிய ஜோசப் சேம்பர்லினே. டர்பனில் ஒரு தமிழன் பட்ட அடி, லண்டன் இலாகாவின் மேசைக்குச் செல்வதற்குக் கடிதமே வழியாயிற்று.

இவையெல்லாம் இன்று நமக்குத் தெரிவது எதனால்? தாதாபாய் எதையும் எறியவில்லை என்பதனால். வந்த கடிதம், அனுப்பிய கடிதத்தின் நகல், பற்றுச் சீட்டு, அழைப்பிதழ் ஆகிய அனைத்தையும் அவர் சேர்த்து வைத்தார். அக்காலத்தில் ஈரமான மெல்லிய தாளைக் கடிதத்தின்மேல் வைத்து அழுத்தி மையின் படியை எடுக்கும் பொறி இருந்தது. நகல் வைக்க அது உதவிற்று. ஏறத்தாழ 30,000 தாள்கள் கொண்ட அவருடைய சேகரம் புது டில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதிலிருந்து மெஹ்ரோத்ராவும் தினியார் பட்டேலும் தேர்ந்து பதிப்பித்த தனிக் கடிதத் தொகுதி 2016-இல் வெளிவந்தது. எழுதியவரும் பெற்றவரும் மறைந்து, அக்கடிதத்தால் எவருக்கும் தீங்கு நேராது என்னும் காலம் வந்த பின்னரே, அந்தரங்கம் வரலாறாக மலர்கிறது. கோகலே மறைத்த பெயரும் பட்வர்த்தன் பதிப்பித்த கடிதமும் ஒன்றுக்கொன்று முரணல்ல. அவை ஒரே நெறியின் இரண்டு காலங்கள்.

இனி மூணாற்றுக்குத் திரும்புவோம். அங்கே நல்லதண்ணித் தோட்டத்தில் 2005-இல் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று அமைந்தது. பழைய தட்டச்சுப் பொறிகள், தொலைபேசிக் கருவி, குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடி 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்த சிற்றிரயிலின் சக்கரம் ஆகியவற்றை அங்கே காணலாம். தோட்டத்தை நடத்தியவர்களின் வரலாறு இவ்வாறு ஓரளவு காப்பாற்றப்பட்டிருக்கிறது. கொழுந்து பறித்தவர்களின் எழுத்து எங்கே? தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் தலைமைச் சங்கத்திற்கு எழுதிய கடிதம், ஊர்ச் சங்கத்தார் நாட்டிலுள்ள கோயிலாருக்கு எழுதிய கடிதம், தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்தைச் சேர்வது என்று கிளர்ச்சி நடந்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி அவை கேரளத்தோடு அமைந்த நாட்களில் உறவினர் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதம் ஆகியவற்றுள் எஞ்சியவை எங்கே உள்ளன?

அவை அழிவதற்கு அசட்டை மட்டும் காரணமன்று. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்த ஓரறை வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரமும் படுக்கையும் வண்டி ஏறும். பழைய தாள்கள் அடுப்பிற்குப் போகும். மூணாற்று மழையும் ஈரமும் எஞ்சியவற்றை அரிக்கும். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணில் புதைந்து 70 உயிர்கள் மாண்டன. அத்தனை உயிர்களின் இழப்புக்கு முன்னே தாள்களின் இழப்பைப் பேசுவது பொருந்தாது. ஆயினும், உயிரோடு எஞ்சியவர்களுக்கு மறைந்தவர் கையெழுத்து ஒன்றேனும் கிடைத்திருந்தால் அதன் மதிப்பு எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறோம்.

ஆகவே, வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு, மூணாற்றில் இருப்பவர்களுக்கும் பம்பாய், டில்லி, பெங்களூர் முதலிய நகரங்களில் இருப்பவர்களுக்கும், ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டியின் அடியில் பழைய கடிதக் கட்டு இருந்தால், அதனை அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். துருவேறும் குண்டூசிகளை எடுத்துவிட்டு, நிழலில் உலர்த்தி, ஈரம் படாத உறையில் வையுங்கள். யார் யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று ஒரு தனித் துண்டில் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். குடும்பத்து முதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டால்தான் அவ்விவரம் கிடைக்கும். கைத்தொலைபேசியில் படமெடுத்து மற்றொரு பிரதியையும் வைத்துக்கொள்ளலாம். சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்கள், பதவி மாறும்போது வரவுசெலவுப் புத்தகத்தோடு கடிதக் கட்டையும் அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நலம்.

அதே வேளையில் கோகலேயை மறவாதிருப்போம். கடிதத்தைக் காப்பது வேறு. கடைவீதியில் விரித்துக் காட்டுவது வேறு. எழுதியவரோ, அதில் பெயர் சுட்டப்பட்டவரோ வாழும்போது, அவர் சம்மதமின்றி ஒரு வரியையும் வெளியிடலாகாது. நண்பர் மனம்விட்டு எழுதிய சொல்லைப் பிறருக்குக் காட்டிப் பெருமை தேடுவது, அவர் நம் வீட்டுத் திண்ணையில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளை விற்பதற்கு ஒப்பாகும். இன்று ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குச் செய்தியை மாற்றி அனுப்பும் வசதி வந்திருக்கிறது. ஹியூமின் சுற்றுக் கடிதம் கசிந்து பரவச் சில நாட்களேனும் ஆயின. இப்போது அந்த அவகாசமும் இல்லை. ஆதலின் அன்றைவிட இன்று எச்சரிக்கை மிகுதியாக வேண்டும்.

ஒரு ஸ்தாபனத்தின் பலம் அதன் மேடையில் எழும் கரகோஷத்தில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். வாச்சாவின் கடிதங்கள் வேறொன்றை உணர்த்துகின்றன. குறையைக் குறை என்று சகாவிடம் தனியே எழுத முடிகிறது; அவர் அதைத் தவறாகக் கொள்ளமாட்டார், பிறரிடம் சொல்லவும் மாட்டார் என்று நம்ப முடிகிறது. அந்த நம்பிக்கை இருந்தவரை காங்கிரஸ் மூன்று நாள் கூடியும் முந்நூறு நாள் உயிரோடிருந்தது. மலைநாட்டில் நாம் நடத்தும் சிறு சங்கத்திற்கும், தூர தேசத்தில் நாம் நடத்தும் குடும்பத்திற்கும் வேண்டுவது அதுவே. இந்த வாரம் யாருக்கேனும் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தீர்களானால், அதனை இன்றே எழுதுவீர்களாக.